பதவி உயர்வில் கிடைக்காத நாற்காலி: அமெரிக்க ஃபெடரல் அப்பீல் நீதிபதியின் பணிவாழ்க்கை

கேட்கப்பட்ட கேள்வி இது: திருநெல்வேலிப் பூர்விகம் கொண்ட ஸ்ரீ சீனிவாசன் அமெரிக்காவில் பெரிய நீதிபதி என்கிறார்கள். அது எந்தக் கோர்ட், அந்த இடத்துக்கு எப்படி வந்தார், அங்கே தினமும் என்ன வேலை, எப்போது ஓய்வு பெறுவார்?

நம்மூர் வழக்கத்தை வைத்துப் பார்ப்பவர்கள் முதலில் தடுமாறுவது ஓரிடத்தில்தான். இங்கே முன்சீப்பாகச் சேர்ந்து, சார்பு நீதிபதியாகி, மாவட்ட நீதிபதியாகி, உயர்நீதிமன்றம் வரை படியேறியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க ஃபெடரல், அதாவது மத்திய அரசின், நீதித்துறையில் அப்படி ஒரு படிக்கட்டே கிடையாது. அடியில் 94 மாவட்ட நீதிமன்றங்கள், நடுவில் 13 அப்பீல் கோர்ட்டுகள் (இவை ஒவ்வொன்றையும் 'சர்க்யூட்' என்பார்கள்), உச்சியில் ஒரு சுப்ரீம் கோர்ட். ஒவ்வொன்றும் தனி நியமனம். மாவட்ட நீதிபதியாகப் பத்து வருடம் இருந்தவரும் அப்பீல் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஜனாதிபதியின் நியமனம், செனட்டின் விசாரணை, வாக்கெடுப்பு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து கடக்க வேண்டும். சீனிவாசன் அதற்கு முன் ஒரு நாள்கூட நீதிபதியாக இருந்ததில்லை. வக்கீலாக இருந்தவர் நேராக அப்பீல் கோர்ட்டில் உட்கார்ந்தார்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. அமெரிக்க அரசியல் சாசனம் நீதிபதிக்கு வயது வரம்பு எதையும் சொல்லவில்லை, சட்டப் பட்டம் வேண்டும் என்றும் சொல்லவில்லை. நம் சாசனம் உயர்நீதிமன்ற நீதிபதிக்குப் பத்து ஆண்டு அனுபவம் கேட்கிறது, 62 வயதில் வீட்டுக்கு அனுப்புகிறது. அங்கே "நன்னடத்தை உள்ளவரை" பதவி. நாடு முழுக்க இப்படி 179 அப்பீல் நாற்காலிகள்தான். அதில் ஒன்பதாவது சர்க்யூட்டுக்கு 29, முதலாவது சர்க்யூட்டுக்கு 6, வாஷிங்டனில் இருக்கும் டி.சி. சர்க்யூட்டுக்கு 11. சீனிவாசன் உட்கார்ந்திருப்பது இந்தப் பதினொன்றில் ஒன்றில்.

நாற்காலி சிறியது என்று நினைத்துவிட வேண்டாம். அப்பீல் கோர்ட்டுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 40,000 வழக்குகள் வருகின்றன. சுப்ரீம் கோர்ட் எடுத்து விசாரிப்பது அறுபது எழுபதுதான். ஆகவே பெரும்பாலான வழக்குகளுக்கு அப்பீல் கோர்ட்டே கடைசி வாசல். டி.சி. சர்க்யூட்டுக்குக் கூடுதல் கனம் உண்டு. சுற்றுச்சூழல், மின்சாரம், தொலைத்தொடர்பு என மத்திய அமைப்புகள் போடும் விதிகளை எதிர்க்கும் வழக்குகள் பலவும் மாவட்ட நீதிமன்றத்தைத் தொடாமல் நேரே இங்கே வந்து இறங்குகின்றன. இன்றைய சுப்ரீம் கோர்ட்டில் ராபர்ட்ஸ், தாமஸ், கவனாக், கேட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் ஆகிய நால்வரும் இந்தக் கோர்ட்டில் இருந்து போனவர்கள்தான்.

இனி அவர் வந்த வழி. பத்மநாபன் ஸ்ரீகாந்த் சீனிவாசன் 1967 பிப்ரவரி 23 அன்று சண்டிகரில் பிறந்தார். தந்தையின் ஊர் திருநெல்வேலியை அடுத்த மேலத் திருவேங்கடநாதபுரம். தந்தை கான்சஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனதால் பிள்ளை லாரன்ஸ் என்ற அந்தச் சிறு பல்கலைக்கழக ஊரில் வளர்ந்தார். ஸ்டான்ஃபோர்டில் 1989-ல் இளங்கலை, 1995-ல் சட்டமும் எம்.பி.ஏ.வும் சேர்த்து. இதுவரை பலரும் செய்வதுதான். இதற்குப் பிறகுள்ள மூன்று படிகள்தான் அப்பீல் நீதிபதிகளை உருவாக்குகின்றன.

முதல் படி லா கிளார்க். பெயரைப் பார்த்துக் கோர்ட் குமாஸ்தா என்று எண்ணக் கூடாது. சட்டப் படிப்பை முடித்த கையோடு ஒரு நீதிபதியின் அறையில் ஓராண்டு இருந்து, கட்டுகளைப் படித்து, முன்தீர்ப்புகளைத் தேடி, தீர்ப்பின் வரைவை எழுதிப் பழகும் வேலை அது. ஓர் அப்பீல் நீதிபதி பொதுவாக நான்கு பேரை வைத்துக்கொள்கிறார். சீனிவாசன் முதலில் நான்காவது சர்க்யூட்டில் ஹார்வி வில்கின்சனிடம் இருந்தார், பிறகு சுப்ரீம் கோர்ட்டில் சாண்ட்ரா டே ஓ'கானரிடம். இருவருமே குடியரசுக் கட்சி ஜனாதிபதி ரீகன் நியமித்தவர்கள். ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி பின்னாளில் நியமிக்கப்போகிற ஒருவருக்குக் குடியரசுக் கட்சி முகாமில் நல்ல பெயர் விதைத்தது இந்த இரண்டு ஆண்டுகள்தான்.

இரண்டாவது, அரசின் வக்கீல் அலுவலகம். சுப்ரீம் கோர்ட்டில் அமெரிக்க அரசுக்காக வாதாடுவது சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகம். மிகச் சிறிய குழு. அங்கே அவர் 2002 முதல் 2007 வரை புஷ் ஆட்சியிலும், 2011 முதல் 2013 வரை ஒபாமா ஆட்சியில் முதன்மைத் துணை சொலிசிட்டர் ஜெனரலாகவும் இருந்தார். நடுவில் தனியார் சட்ட நிறுவனத்தில் பங்குதாரர். இது மூன்றாவது படி. அந்த நாட்களில்தான் 2010-ல், கணக்கு மோசடியில் சரிந்த என்ரான் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜெஃப்ரி ஸ்கில்லிங்குக்காகச் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடினார். "நேர்மையான சேவை மறுப்பு" என்ற மோசடிச் சட்டப் பிரிவு லஞ்சத்துக்கும் கமிஷனாகத் திருப்பித் தரும் பணத்துக்கும் மட்டுமே பொருந்தும் என்று கோர்ட் அதன் எல்லையைச் சுருக்கியது அந்த வழக்கில்தான். பெரிய கம்பெனிகளுக்காக வாதாடியதை இடதுசாரி அமைப்புகள் பின்னால் குறையாகச் சொன்னதும் உண்டு. கட்சிக்காரருக்காகப் பேசுவது வக்கீலின் தொழில் என்பதால் அந்தக் குறை நிற்கவில்லை.

இவ்வளவும் தகுதி. தகுதி இருந்தால் போதாது, காலியிடம் வேண்டும். ஏ. ரேமண்ட் ராண்டால்ஃப் என்ற நீதிபதி 2008 நவம்பரில் முழுநேரப் பணியை விட்டார். அந்த இடம் நாலரை ஆண்டு சும்மா கிடந்தது. 2013 தொடக்கத்தில் பதினோரு நாற்காலியில் நான்கு காலி. கேட்லின் ஹாலிகன் என்ற திறமையான வக்கீலை ஒபாமா நியமித்திருந்தார். அவர் பெயர் செனட்டில் இரண்டு முறை முடக்கப்பட்டு, 2013 மார்ச்சில் அவரே விலகிக்கொண்டார். அப்போதெல்லாம் நூறு பேர் கொண்ட செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேர் வேண்டும்.

சீனிவாசன் பெயர் 2012 ஜூனில் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் வாக்கெடுப்பு வரவில்லை. காங்கிரசின் ஈராண்டுக் காலம் முடிந்தால் நிலுவையில் உள்ள நியமனங்கள் வெள்ளை மாளிகைக்கே திரும்பிவிடும். எனவே 2013 ஜனவரியில் மறுபடி அனுப்பினார்கள்.

நியமனம் நடக்கும் விதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர் அலுவலகம் பேசிப் பார்க்கும். எஃப்.பி.ஐ. பின்னணியைத் துருவும். செனட் நீதிக்குழுவின் கேள்விப் படிவம் வரும். எழுதிய கட்டுரை, பேசிய கூட்டம், நடத்திய முக்கிய வழக்குகள், வருமானம், கடன் எல்லாவற்றையும் அதில் கொட்ட வேண்டும். பலர் சிக்குவது இந்தப் படிவத்தில்தான். இருபது வருடம் முன்பு எங்கோ பேசிய ஒரு பேச்சை விட்டுவிட்டால், அதை மறைத்ததாகவே எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்ளும். பிறகு நேர்முக விசாரணை, அதன் பின் எழுத்தில் வரும் துணைக் கேள்விகள், குழுவில் வாக்கெடுப்பு, கடைசியில் முழு செனட். மற்ற சர்க்யூட்டுகளில் நியமனம் பெறுபவரின் மாநில செனட்டர்கள் சம்மதச் சீட்டு தராமல் இழுத்தடித்த வழக்கம் இருந்தது. டி.சி.க்கு செனட்டர்களே இல்லாததால் இந்தக் கோர்ட்டுக்கு அந்தத் தொல்லை மட்டும் இல்லை.

சீனிவாசனின் நேர்முகம் 2013 ஏப்ரல் 10. இரண்டு கட்சி ஆட்சியிலும் சொலிசிட்டர் அலுவலகத்தில் இருந்தவர்கள் ஆதரவுக் கடிதம் எழுதினார்கள். குழுவில் 18-0. மே 23 அன்று செனட்டில் 97-0. 2006-ல் கவனாக் வந்த பிறகு அந்தக் கோர்ட்டுக்குள் நுழைந்த முதல் ஆள். தெற்காசியப் பூர்விகம் கொண்டவர் ஃபெடரல் அப்பீல் நீதிபதியானதும் அதுவே முதல் முறை.

அந்த 97-0 என்ற எண்ணை அவருடைய திறமைக்குக் கிடைத்த சான்று என்று மட்டும் படிப்பது சரியல்ல. அதே ஆண்டு நவம்பர் வரை போய்ப் பாருங்கள். மீதமிருந்த மூன்று இடங்களுக்கு ஒபாமா அனுப்பிய மூவரையும் குடியரசுக் கட்சி முடக்கியது. நவம்பர் 21 அன்று ஜனநாயகக் கட்சி விதியையே மாற்றி, சுப்ரீம் கோர்ட் தவிர்த்த நியமனங்களுக்கு 60 வேண்டாம், பெரும்பான்மை போதும் என்றாக்கியது. அதன் பிறகு டிசம்பரில் பட்ரீஷா மில்லெட் 56-38 என்றும், கார்னீலியா பில்லார்ட் 51-44 என்றும் தேறினார்கள். மில்லெட்டும் சுப்ரீம் கோர்ட்டில் ஏராளமான வழக்குகள் நடத்தியவர், சீனிவாசனுக்குச் சற்றும் குறையாதவர். ஆறு மாத இடைவெளி, வேறு அரசியல் காற்று.

செனட் ஒப்புதல் தந்ததும் ஜனாதிபதி கையெழுத்திட்ட ஆணை வரும். சீனிவாசனுக்கு மறுநாளே வந்தது. அரசியல் சாசனத்தைக் காப்பதாக ஓர் உறுதிமொழி, ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே நீதி வழங்குவதாக இன்னோர் உறுதிமொழி, இரண்டும் எடுக்க வேண்டும். செப்டம்பரில் நடந்த பதவியேற்பு விழாவில் ஓ'கானரே உறுதிமொழி செய்து வைத்தார். சீனிவாசன் கைவைத்தது பகவத் கீதை மேல்.

இனி வேலை. மாவட்ட நீதிமன்றத்தில் சாட்சி, ஜூரி, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. அப்பீல் கோர்ட்டில் ஒன்றும் கிடையாது. கீழே நடந்ததன் பதிவும் இரு தரப்பு வாதுரைகளும் மட்டுமே மேசைக்கு வரும். பேப்பரில் வரும்போது அட்டை நிறத்தைப் பார்த்தே அடையாளம் தெரியும்: மேல்முறையீட்டாளருக்கு நீலம், எதிர்த்தரப்புக்குச் சிவப்பு, பதிலுரைக்குச் சாம்பல், வெளியார் தரும் ஆதரவு வாதுரைக்குப் பச்சை. முதன்மை வாதுரை 13,000 சொல்லைத் தாண்டக் கூடாது, பதிலுரைக்கு அதில் பாதி. எழுத்து 14 புள்ளி அளவு. வாழ்நாள் முழுக்கக் கட்டுகளைப் படிப்பதே வேலை என்பதால் படிக்கும் கண்ணின் கவலை இவர்களுக்கு நிஜமானது. 2021-ல் டி.சி. சர்க்யூட், கராமண்ட் எழுத்துருவில் வாதுரை தர வேண்டாம், அது பார்வைக்குச் சிறிதாகத் தெரிகிறது என்று அறிவிப்பே போட்டது. புரியாத சுருக்கெழுத்துகளைக் குவிக்காதீர்கள் என்று வக்கீல்களிடம் இந்தக் கோர்ட் பலமுறை கண்டித்துச் சொல்லியிருக்கிறது.

ஒரு வழக்குக்கு மூன்று நீதிபதிகள். யார் யார் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பார்கள். செப்டம்பரிலிருந்து மே வரை வாதம் கேட்பார்கள். ஒரு தரப்புக்குப் பத்து, பதினைந்து நிமிடம்தான். அதிலும் வக்கீல் பேசுவதைவிட நீதிபதிகள் கேட்பதுதான் அதிகம். முடிந்ததும் மூவரும் தனியறையில் கூடி வாக்களிப்பார்கள். பெரும்பான்மையில் இருக்கும் மூத்தவர், தீர்ப்பை யார் எழுதுவது என்று ஒதுக்குவார். வரைவு மற்ற இருவரிடம் போய்த் திருத்தங்களோடு திரும்பும், பல தடவை. வாதம் இருபது நிமிடம் என்றால் தீர்ப்புக்குப் பல மாதம். இந்த வேலையின் உடல் இங்கேதான் இருக்கிறது. மேடையில் தெரிவது நுனி மட்டும்.

நீதிபதி முதலில் தீர்மானிப்பது யார் சொல்வது சரி என்பதை அல்ல. கீழ்க்கோர்ட்டின் முடிவுக்கு எவ்வளவு மதிப்புத் தர வேண்டும் என்பதைத்தான். சட்டக் கேள்வி என்றால் புதிதாகவே பார்க்கலாம். நடந்தது என்ன என்ற கேள்வி என்றால், வெளிப்படையான பிழை இருந்தால் ஒழியத் தொடக் கூடாது. மாவட்ட நீதிபதியின் விருப்புரிமைக்கு உட்பட்டது என்றால் இன்னும் ஒதுங்கி நிற்க வேண்டும். இந்த அளவுகோலைத் தேர்ந்த உடனேயே பாதி வழக்கு முடிந்துவிடும்.

டிக்டாக் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரல் 24 அன்று வந்த சட்டம், சீன உடைமையை 270 நாளில் விற்காவிட்டால் செயலிக்குத் தடை என்றது. கெடு 2025 ஜனவரி 19. வழக்கை டி.சி. சர்க்யூட்டில்தான் போட வேண்டும் என்றும் அந்தச் சட்டமே சொன்னது. செப்டம்பர் 16 வாதம், டிசம்பர் 6 தீர்ப்பு. மூவர்: தலைமை நீதிபதி சீனிவாசன், நியோமி ராவ், மூத்த நீதிபதி டக்ளஸ் கின்ஸ்பர்க். மூவரும் சட்டம் செல்லும் என்றார்கள். ஆனால் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய கின்ஸ்பர்க், பேச்சுரிமைக்கான மிகக் கடுமையான சோதனையை வைத்துப் பார்த்தாலும் சட்டம் தேறுகிறது என்றார். சீனிவாசன் அவ்வளவு தூரம் போக ஒப்பவில்லை. இடைநிலைச் சோதனை போதும், வெளிநாட்டுக் கட்டுப்பாட்டைத் தடுக்கும் மரபு தொலைத்தொடர்பில் பழையது என்று தனியே எழுதினார். 2025 ஜனவரி 17 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை உறுதி செய்தபோது பயன்படுத்திய அளவுகோல் அதே இடைநிலைச் சோதனைதான். முடிவு ஒன்றாகவே இருந்தாலும் காரணத்தைத் தனியே எழுதுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. காரணம்தான் அடுத்த வழக்கில் ஆளப்போகிறது.

எழுதியது நிலைக்காமலும் போகும். இணையச் சேவைக் கம்பெனிகள் எல்லாத் தளங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்று மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் போட்ட 2015 விதியை, 2016 ஜூன் 14 அன்று சீனிவாசனும் டேவிட் டேட்டலும் சேர்ந்தெழுதிய தீர்ப்பு 2-1 என்று காத்தது. சட்டம் இருபொருள் தந்தால் ஆணையத்தின் நியாயமான விளக்கத்தை ஏற்க வேண்டும் என்ற 'செவ்ரான்' கோட்பாடு அதற்கு அஸ்திவாரம். 2017-ல் ஆட்சி மாறியதும் ஆணையமே விதியை எடுத்துவிட்டது. 2024 ஜூனில் சுப்ரீம் கோர்ட் செவ்ரானையே கைவிட்டது. அதே ஆண்டு மறுபடி கொண்டுவந்த விதியை 2025 ஜனவரியில் ஆறாவது சர்க்யூட் ரத்து செய்தது. தீர்ப்பில் பிழை இல்லை, அன்றிருந்த சட்டத்தைச் சரியாகவே பிடித்திருந்தார்கள் என்பது என் கணிப்பு. கீழே இருந்த தரை நகர்ந்துவிட்டது.

எங்கே தவறும் என்றால், முதலாவது கெடு. சாதாரண சிவில் வழக்கில் அப்பீல் அறிவிப்புக்கு 30 நாள், அரசு ஒரு தரப்பு என்றால் 60, குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டவருக்கு 14. ஒஹையோ கைதி ஒருவருக்குச் சட்டப்படி 14 நாள் நீட்டிப்புத் தர வேண்டிய மாவட்ட நீதிபதி கைதவறி 17 நாள் தந்தார். அதை நம்பிப் பதினாறாம் நாள் அப்பீல் போட்டார்கள். 2007-ல் சுப்ரீம் கோர்ட் 5-4 என்று, அப்பீல் செல்லாது, கெடுவைத் தளர்த்த எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரமில்லை என்றது. கொடுமையான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அப்பீல் நீதிபதியின் கை அவ்வளவு கட்டப்பட்டது.

இரண்டாவது, விலகல். வழக்கில் உள்ள கம்பெனியின் ஒரே ஒரு பங்கு நீதிபதியிடமோ மனைவியிடமோ கணவரிடமோ இருந்தாலும் அவர் ஒதுங்க வேண்டும். அதனால்தான் பலர் பதவிக்கு வந்ததும் தனிப் பங்குகளை விற்றுவிட்டுப் பொதுவான நிதித் திட்டங்களுக்கு மாறுகிறார்கள். ஆண்டுதோறும் சொத்துக்கணக்கும் தர வேண்டும். மூன்றாவது விசித்திரமானது. ஒன்பதாவது சர்க்யூட்டின் ஸ்டீபன் ரைன்ஹார்ட் 2018 மார்ச் 29 அன்று இறந்தார். அவர் எழுதிய தீர்ப்பை அவர் வாக்கையும் எண்ணி ஏப்ரல் 9 அன்று வெளியிட்டார்கள். நீதிபதியின் நியமனம் ஆயுளுக்குத்தான், அதற்கு அப்பால் இல்லை என்று சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. தீர்ப்பு வெளியாகும் நாளில் உயிரோடு இருந்தால்தான் வாக்கு வாக்கு.

தலைமை நீதிபதிப் பதவியும் தேர்தலோ ஜனாதிபதி தயவோ அல்ல. முழுநேர நீதிபதிகளில் 65 வயதை எட்டாதவர்களில் பணிமூப்பு அதிகம் உள்ளவருக்குத் தானாக வரும். ஏழு ஆண்டு, அல்லது 70 வயது வரை. 2020 பிப்ரவரி 12 அன்று மெரிக் கார்லண்டுக்குப் பின் சீனிவாசன் அதற்கு வந்தபோது கார்லண்டையும் சேர்த்து அவரைவிட மூத்தவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் இளையவரான தாமஸ் கிரிஃபித்துக்கே 65 ஆகியிருந்தது. சம்பளம் உயராது. நிர்வாகம், நீதிபதிகள் மேலான புகார்கள், நாட்டின் நீதித்துறைக் கொள்கையை வகுக்கும் 26 நீதிபதிகள் கொண்ட மாநாட்டில் இருக்கை, இவையெல்லாம் கூடும். வழக்கில் அவர் வாக்கும் மூன்றில் ஒன்றுதான். டிக்டாக்கில் பார்த்தோமே. அப்பீல் நீதிபதிக்கு 2024-ல் ஆண்டுச் சம்பளம் 2,57,900 டாலர். பெரிய சட்ட நிறுவனப் பங்குதாரர் இதைப்போலப் பல மடங்கு சம்பாதிப்பார்.

ஓய்வுக்குக் கட்டாய வயது இல்லை. வயதும் பணியாண்டும் கூட்டி 80 வந்து, வயது 65-ஐ எட்டி, குறைந்தது பத்தாண்டு பணி இருந்தால் மூத்த நீதிபதி நிலைக்குப் போகலாம். சம்பளம் தொடரும், வழக்குகளைக் குறைத்துக்கொள்ளலாம், நாற்காலி காலியானதாகக் கணக்காகி ஜனாதிபதி புதியவரை நியமிப்பார். டிக்டாக் தீர்ப்பை எழுதிய கின்ஸ்பர்க் 2011 முதல் இந்த நிலையில்தான் இருக்கிறார். நியமித்த ஜனாதிபதியின் கட்சி ஆட்சியில் இருக்கும்போது விலகுவதற்குப் பலர் காத்திருப்பதும் இதனால்தான். சீனிவாசனின் தலைமைக் காலம் 2027 பிப்ரவரியில் நிறைகிறது. அதன்பின் சாதாரண நீதிபதியாகத் தொடரலாம். 65 ஆவது 2032 பிப்ரவரியில், அப்போது பணியும் பதினெட்டு ஆண்டைத் தாண்டியிருக்கும். அதற்கு முன் மூத்த நிலைக்குப் போக அவருக்கு வழியில்லை, அதற்குப் பின் எப்போது என்பது அவர் கையில்.